கம்பளி போர்த்திய பால்

மாமியாரின் பாலை மருமகள் திருப்பி அனுப்பிய செய்தி, அந்தப் பால் வீடு வந்து சேர்வதற்கு முன்பே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. நோர்வூட்டுக்கு மேலே மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற தோட்டம் அது. போனுக்கு சிக்னல் கிடைப்பது பெரும்பாடு, பஸ் அதற்கு மனம் வந்தால் வரும். வம்புக்கு மட்டும் அங்கே ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை.

நடந்தது இதுதான். தோட்டத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற பால் சங்கத்தில், பாலைச் சோதித்து வாங்குகிற வேலை சுலக்ஷனாவுக்குக் கிடைத்திருந்தது. கல்யாணமாகி வந்த புதிது. புருஷன் கிஷாந்த் நோர்வூட் டவுனில் ஓட்டோ ஓட்டுகிறான். அவள் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள் என்பதால் சங்கத்தார் தேடி வந்து கூப்பிட்டார்கள். அதில் அவளைவிடப் பெருமைப்பட்டது மாமியார் அம்மாக்கண்ணுதான். காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மனுஷி, கைக்கு வந்த காசில் செம்பி என்று ஒரு பசு வாங்கி வைத்திருந்தாள். "எம் மருமக கை மொதல்ல எம் பாலத்தான் தொடணும்" என்று தினமும் பால் கறந்த கையோடு ஓடிவந்து வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். பின்னால் நிற்கிறவர்களிடம், "உள்ள இருக்கிறது எம் மருமக" என்று அவர்களுக்குத் தெரியாத விஷயம்போல வேறு சொல்லுவாள்.

அப்படிப்பட்ட அம்மாக்கண்ணுவின் பால்தான் இரண்டு நாளாகத் தேறவில்லை.

சோதனை என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. அடியில் குமிழும் மேலே நீண்ட கழுத்துமாக ஒரு கண்ணாடி மிதவை. பால்மானி என்று பெயர், அங்கே எல்லாரும் சொல்வது மீட்டர். உயரமான குவளையில் பாலை ஊற்றி அதை விட்டால், பால் அடர்த்தியாக இருந்தால் மேலே தூக்கி நிறுத்தும். தண்ணீர் கலந்திருந்தால் தாங்கமாட்டாமல் உள்ளே இறங்கும். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோடு பாலுக்குள் முழுகிவிட்டால் பாலை எடுக்கக்கூடாது. மூன்று தடவை முழுகினால் சங்கத்தில் அந்த வீட்டு நம்பரை வெட்டிவிடுவார்கள்.

அன்று காலையும் அம்மாக்கண்ணு கேனைச் சுற்றியிருந்த கம்பளியைப் பிரித்துக் கொடுத்தாள். சுலக்ஷனா குவளையில் ஊற்றி மீட்டரை விட்டாள். அது ஆடி அசைந்து நின்றபோது சிவப்புக் கோட்டைக் காணவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். மறுபடியும் காணவில்லை. வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"அத்த, இன்னைக்கும் கீழ போகுது" என்றாள் மெல்ல.

"என்ன கீழ போகுது?"

"மீட்டர் அத்த."

"அப்ப நான் தண்ணி ஊத்திட்டேங்கிற."

"நான் அப்படிச் சொல்லல. மீட்டர்தான்..."

"மீட்டருக்கு வாயா இருக்கு? அதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது நீதானே."

சங்கத்துத் தலைவர் கணேசமூர்த்தி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் கடை வைத்திருக்கிறவர். கெட்டவர் இல்லை, ஆனால் சட்டம் என்று சொல்லிவிட்டால் தன் தலையையே அடமானம் வைக்கிற ரகம். அவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது ரெண்டாவது தடவ. நாளைக்கும் இப்படின்னா நம்பர வெட்டத்தான் வேணும். மாமியாருக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு நடத்த முடியாது பாருங்க."

அம்மாக்கண்ணு அவரைப் பார்க்கவே இல்லை. மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கேனைத் தூக்கினாள், கம்பளியைத் தோளில் போட்டாள், போய்விட்டாள்.

அடுத்து நின்றது மேல்மலை லயத்து மூக்கன். அவன் பாலில் விட்டதும் கோடு மேலே தெரிய மீட்டர் கம்பீரமாக நின்றது. "பாத்தீங்களா, பாலுன்னா இது பாலு" என்றார் கணேசமூர்த்தி. மூக்கன் அடக்கமாகச் சிரித்துக்கொண்டான்.

சுலக்ஷனாவுக்கு மிச்ச வேலை எப்படி முடிந்தது என்று தெரியாது. பவுசர் வண்டி வந்து பாலை ஏற்றிக்கொண்டு போனபிறகு, மீட்டரையும் குவளையையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள். சங்கத்துக் கொட்டகையில் வெந்நீர் கிடையாது, வீட்டில் வைத்துத்தான் கழுவ வேண்டும். தேயிலைக்கு நடுவே இறங்குகிற பாதையில் மனம் கணக்குப் போட்டது. நம்பர் போனால் பாலை விற்க வேறு வழியில்லை. செம்பியை விற்க வேண்டியதுதான். செம்பியை விற்றுவிட்டு அத்தை என்ன செய்வாள்? அந்த மாட்டோடு பேசுகிற அளவுக்கு அவள் பெற்ற மகனோடு பேசியதில்லை.

அத்தை தண்ணீர் ஊற்றுவாளா? சத்தியமாக மாட்டாள். பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒரு மிளகாய் கடன் வாங்கினாலும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கிற கை அது. ஆனால் கண்ணாடியும் பொய் சொல்லாதே. பாதை வளைகிற இடத்தில், மனுஷ மனசு இருக்கிறதே, அது சும்மா கிடக்குமா, ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டது. புண்ணாக்கு விலை ஏறிவிட்டது என்று போன வாரம் அத்தை புலம்பினாளே. ஒருவேளை? அந்த ஒருவேளையை நினைத்த மாத்திரத்தில் சுலக்ஷனாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் மாட்டுக் கொட்டிலிலிருந்து குரல் கேட்டது. மாட்டிடம் சொல்வதுபோல மருமகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மாக்கண்ணு. "ஏண்டி செம்பி, ஒம் மடியில தண்ணிதான் சொரக்குதாமே. எனக்கென்னடி தெரியும், நான் கைநாட்டு. ஓ.எல். படிச்சவங்க சொல்றாங்க, கேட்டுக்க."

செம்பி வைக்கோலை மென்றுகொண்டு இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்று நின்றது.

திரும்பி வந்த பால் அடுப்படி ஜன்னல் கட்டையில் கேனோடு இருந்தது. கம்பளி கொடியில் கிடந்தது. அந்தக் கம்பளிக்கு ஒரு கதை உண்டு. மூன்று நாளைக்கு முன்னால் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி கொட்டிலை எட்டிப் பார்த்து, "அடேயப்பா, மடி தரையத் தொடுதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், மறுநாள் செம்பி பாலை ஒளித்துக்கொண்டது. கண் பட்டுவிட்டது என்று அம்மாக்கண்ணு முடிவு கட்டிவிட்டாள். பால் போகிற வழியில் யார் பார்வையிலும் விழக்கூடாது. கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைத்து முடிந்து, கேனைக் கழுத்துவரை கம்பளியால் போர்த்தித்தான் எடுத்துப் போவது. மழைக்கும் பனிக்கும் மலையில் அவள் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்த தடித்த கம்பளி. அன்று காலைதான், கோபத்தில், "இனி எவ கண்ணு பட்டா என்ன" என்று கேனை அம்மணமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

சுலக்ஷனா அடுப்பை மூட்டிக் கேத்தலை வைத்தாள். பக்கத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளைக் கட்டியாக உறைந்து நின்றது. தலைக்குத் தேய்க்க வேண்டுமென்றால் அடுப்போரம் வைத்துத்தான் இளக்க வேண்டும். தினமும் காலையில் நடக்கிற வேலை, கை தானாகச் செய்தது. எண்ணெய் இளகிற்று. வெள்ளை போய் மஞ்சளாக, தெளிவாக ஆயிற்று. உறைந்திருந்தபோது நடுவில் குழி விழுந்து குறைவாக இருந்த எண்ணெய், இளகியதும் போத்தலில் மேலே ஏறி நின்றது.

கல்யாணமான புதிதில் இந்தப் போத்தலுக்காக ஒரு சண்டையே நடந்திருக்கிறது. ராத்திரி இருந்த எண்ணெய் காலையில் குறைந்திருக்கிறது என்று அத்தை கிஷாந்தைத் திட்ட, அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய, மத்தியானம் எண்ணெய் தானாகப் பழைய இடத்துக்கு வந்து நிற்க, எல்லாரும் சிரித்த சிரிப்பு. யாரும் எடுக்கவுமில்லை, யாரும் ஊற்றவுமில்லை. அதே எண்ணெய்தான்.

கேத்தல் கொதித்து மூடியைத் தள்ளியது. சுலக்ஷனா அதை இறக்கவில்லை. போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே எண்ணெய், குளிர்ந்தால் சுருங்குகிறது, சூடேறினால் விரிகிறது. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பாலிலும்தானே கொழுப்பு இருக்கிறது?

குவளையை எடுத்தாள். ஜன்னல் கட்டையிலிருந்த கேனைத் தொட்டால் மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது. பாலை ஊற்றி மீட்டரை விட்டாள். சிவப்புக் கோடு பாலுக்கு மேலே வந்து நின்றது.

அவள் கண்ணை நம்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். அதே பால். காலையில் கோட்டை விழுங்கிய அதே பால். அதே கேன், அதே குவளை, அதே மீட்டர். யாரும் எதையும் எடுக்கவுமில்லை, ஊற்றவுமில்லை.

கொஞ்சம் பாலைச் சட்டியில் ஊற்றி, கறந்த சூட்டுக்கு மேல் போகாமல் இளஞ்சூடாக்கி விட்டுப் பார்த்தாள். மீட்டர் இறங்கியது, கோடு முழுகியது. குவளையைப் பீலியில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆற ஆறக் கோடு மேலே வந்தது. மறுபடி சூடாக்கினாள், மறுபடி ஆற்றினாள். பீலியடியில் துணி துவைத்தவர்கள், "இந்தப் புள்ளைக்கு என்னாச்சு, பாலத் தாலாட்டுது" என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஒன்பதாம் ஆண்டில் படித்ததுதான். பொருள் எல்லாமே துணிக்கைகளால் ஆனது; சூடேற ஏறத் துணிக்கைகள் வேகமாக ஓடியாடி விலகிக்கொள்ளும்; விலகினால் இடம் கூடும்; இடம் கூடினால் அடர்த்தி குறையும். பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறாள். எழுதினதோடு சரி, பால் கேனுக்குள்ளேயும் அது நடக்கும் என்று யார் நினைத்தது? வேலைக்குச் சேர்ந்த அன்று, சோதனைக்கு முன்னால் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார்கள். வெப்பமானி உடைந்து கிடந்தது. முன்னே அந்த வேலையில் இருந்தவர், "இந்தக் குளிருக்கு எல்லார் பாலும் ஒண்ணாத்தான் குளுந்திருக்கும், அது எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லார் பாலும் காற்றில் ஆடி ஆறி வரும். கம்பளி போர்த்திய பால் மட்டும் மடியிலிருந்த சூடு குறையாமல், நுரை அடங்காமல், முதல் ஆளாக வந்து நிற்கும். மடச்சி, மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினாள்.

"அத்த, பால்ல ஒண்ணுமில்ல. சூடுதான் காரணம். கம்பளியச் சுத்தாம எடுத்துட்டு வாங்க, தேறிரும்."

அம்மாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல நான் தண்ணி ஊத்தினேன். இப்ப எங் கம்பளி தண்ணி ஊத்துதா?"

"அப்படி இல்ல அத்த, சூடா இருந்தா பாலு விரியும்..."

"விரியும் சுருங்கும், என்ன கதையா? முந்தாநாத்து வரைக்கும் எந்த விரியலையும் காணோம். கம்பளிய எடுத்தா மாடு மடி வத்திப் போகும், அப்ப ஒன் மீட்டர வச்சு என்ன அளக்கப் போற? போ புள்ள."

மாலையில் வந்த கிஷாந்திடம் இருவரும் தனித்தனியாக முறையிட்டார்கள். அவன் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு, ஓட்டோவில் ஏதோ சத்தம் வருகிறது பார்க்க வேண்டும் என்று நழுவிவிட்டான். புத்திசாலிப் பிள்ளை.

மறுநாள் காலை பால் சங்கத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். பால் கொண்டுவராதவர்களும் வந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூடுபனியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை, ஆனாலும் அம்மாக்கண்ணு வருவது எல்லாருக்கும் தெரிந்தது. கம்பளி போர்த்திய கேனை இடுப்பில் அணைத்துக்கொண்டு, முதல் ஆளாக, நேராக மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "அள" என்றாள்.

சுலக்ஷனா கேனைத் தொட்டுப் பார்த்தாள். கன்றுக்குட்டி மூக்குபோல வெதுவெதுப்பாக இருந்தது. அளந்தால் முழுகும். முழுகினால் மூன்றாவது தடவை. அவள் மீட்டரைக் கீழே வைத்தாள்.

"தலைவர் ஐயா, இந்தப் பால இப்ப அளக்க மாட்டேன். ஆறட்டும். மத்தவங்க பால அளந்துட்டுக் கடைசியா அளக்கிறேன்."

"அது எப்படிம்மா? மொதல்ல வந்தவங்களுக்கு மொதல்ல. சட்டம்..."

"சூட்டோட அளக்கக் கூடாதுங்கிறதும் சட்டந்தான் ஐயா. வெப்பமானி ஒடஞ்சதுல நாமதான் மறந்துட்டோம். நானும் மறந்துட்டேன், தப்பு எம்மேலயும் இருக்கு. இத மூடியோட பீலியில வைக்கிறேன். நீங்களே பக்கத்துல ஒக்காந்து காவல் இருங்க. யாரும் தொடக் கூடாது, நானுந்தான்."

"பாலுக்குள்ள தண்ணின்னு கேசு, நீ தண்ணிக்குள்ள பால வைக்கிறியே" என்றார் கணேசமூர்த்தி. கூட்டம் சிரித்தது. ஆனாலும் காவல் என்றதும் மனிதருக்குக் கொஞ்சம் முறுக்கேறியது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பீலியடிக்குப் போனார்.

கம்பளியை உருவும்போது அம்மாக்கண்ணு மருமகளின் கையைப் பிடித்தாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"தேறுமா புள்ள?"

"தேறும் அத்த."

"தேறலைன்னா?"

"தேறலைன்னா நாளையிலருந்து நானும் இங்க வர மாட்டேன்."

அம்மாக்கண்ணு கையை விட்டாள். கம்பளியை மடித்துத் தன் மேலேயே போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

வரிசை நகர்ந்தது. சுலக்ஷனா ஒவ்வொருவர் பாலாக அளந்தாள், ஆனால் மனம் பீலியடியில் இருந்தது. வீட்டில் தேறிய பால் இங்கேயும் தேற வேண்டுமே. ஆற நேரம் போதுமா? பவுசர் சீக்கிரம் வந்துவிட்டால்? பனி விலகி, வெயில் தேயிலை மேல் விழ ஆரம்பித்தபோது வரிசை முடிந்தது. கணேசமூர்த்தி கேனைத் தன் கையாலேயே தூக்கிவந்து மேசையில் வைத்தார். மூடியை அவரே திறந்தார், அவரே ஊற்றினார்.

மீட்டர் உள்ளே போயிற்று, எழும்பிற்று, ஆடிற்று. அது நின்றபோது சிவப்புக் கோடு பாலுக்கு மேலே, யாரும் குனிந்து பார்க்கத் தேவையில்லாத உயரத்தில் நின்றது.

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்னம்மா கூத்து? நான் கண்ணெடுக்காம ஒக்காந்திருந்தேனே."

சுலக்ஷனா துணிக்கை என்று ஆரம்பித்தாள். எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு வேறு மாதிரிச் சொன்னாள்.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்களத்துல நிக்கிறோம்ல, குளிருக்கு எப்படி நிப்போம்?"

"ஒருத்தர ஒருத்தர் ஒட்டிக்கிட்டுத்தான்" என்றது ஒரு குரல்.

"வெயில் வந்ததும்?"

"ஆளுக்கொரு பக்கம் தள்ளிப் போயிருவோம்."

"ஆளு கூடிச்சா, கொறஞ்சிச்சா? இல்லல்ல. அதே ஆளுங்கதான், எடம்தான் கூடுது. பாலும் அப்படித்தான். நாம ஆளுங்க, பால்ல கண்ணுக்குத் தெரியாத துணுக்குங்க. குளுந்தா நெருங்கி நிக்கும், மீட்டரத் தாங்கும். சூடா இருந்தா விலகி நிக்கும், மீட்டரு நடுவுல எறங்கிரும். அவ்வளவுதான். எங்க அத்த பால்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

அம்மாக்கண்ணு பார்வையைத் திருப்பி, எதிர்மலையில் அவசரமாக என்னவோ தேடினாள்.

கணேசமூர்த்தி லேசில் விடுகிறவரா? "சரி, ஆறினா மேல வரும், ஒத்துக்கிறேன். அப்ப நல்ல பாலச் சூடாக்கினா கீழ போகணும்ல? அதையும் காட்டு. மூக்கன் பால எடு, அதவிட நல்ல பாலு இங்க கெடையாது."

"எம் பாலு எதுக்குங்க?" என்றான் மூக்கன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டான்.

சுலக்ஷனா அவனைப் பார்த்தாள். காலையில் அவன் பாலை அளந்தது ஞாபகம் வந்தது. மேல்மலையிலிருந்து காற்றில் ஆடி வந்த கேன், கை விறைக்கிற குளிர்ச்சி. அந்தக் குளிருக்கு மீட்டர் இன்னும் மேலே நின்றிருக்க வேண்டும். இப்போது அத்தையின் பால் நிற்கிற உயரத்துக்கு அது வரவில்லை. ஓஹோ, தண்ணீர் அதில்தான் இருக்கிறது. இதைச் சூடாக்கினால் கோடு மட்டுமில்லை, மீட்டரின் கழுத்தே முழுகிப் போகும். இத்தனை நாளும் மலைக்குளிர் மூக்கனுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதை அவனும் கண்டுபிடித்துவிட்டான். முகம் சுண்டிப்போயிற்று. கூட்டம் முழுக்க இருந்தது. இரண்டு நாளாக இதே கூட்டம் தன் அத்தையைப் பார்த்த பார்வையை சுலக்ஷனா மறக்கவில்லை.

"வேற பாலு வேணாம் ஐயா. எங்க அத்த பாலையே சூடாக்கிக் காட்டுறேன். அதே பாலு மேலயும் வரணும், கீழயும் போகணும். அப்பத்தானே நியாயம்?"

கடைக் கேத்தலில் வெந்நீர் வந்தது. குவளையை அதில் நிறுத்தி வைத்தார்கள். எல்லாரும் பார்க்க மீட்டர் மெல்ல இறங்கியது. பீலியில் வைத்ததும் மெல்ல ஏறியது. கணேசமூர்த்தி சின்னப் பிள்ளைபோல இன்னொரு தடவை செய்யச் சொன்னார். பவுசர் வந்து ஹோர்ன் அடிக்கிறவரை அதுவே வேலையாக இருந்தது. சிங்களத்தில் விஷயத்தைக் கேட்ட பவுசர் டிரைவர் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் புது வெப்பமானி ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னான்.

"முந்தின ரெண்டு தடவையும் செல்லாது" என்று கணேசமூர்த்தி எல்லாருக்கும் கேட்க அறிவித்தார். "அக்கா, மன்னிச்சுக்கங்க. சட்டத்த நாங்கதான் அரைகொறையாப் புடிச்சிருக்கோம்."

கூட்டம் கலைந்தபின் மூக்கன் கேனைக் கழுவுகிற சாக்கில் பின்தங்கினான். "தங்கச்சி" என்றான்.

"அண்ணே, அடுத்த கெழம வெப்பமானி வந்திரும். அதுக்கப்புறம் குளுரு கணக்கயும் சேத்துத்தான் பாப்போம்" என்றாள் சுலக்ஷனா. "இனிமே வாளிய நல்லாக் கவுத்து வச்சிட்டுக் கறங்க. தண்ணி தேங்கி நிக்கும்."

"சரி தங்கச்சி. கவுத்து வச்சிர்றேன்." அவன் மேல்மலைப் பாதையில் போன வேகத்தைப் பார்த்தால் இன்றைக்கே கவிழ்த்துவிடுவான் போலத்தான் இருந்தது.

மாமியாரும் மருமகளும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். முன்னால் போன அம்மாக்கண்ணு பாதை வளைகிற இடத்தில் சட்டென்று நின்றாள்.

"ஒண்ணு கேப்பேன், பொய் சொல்லாம சொல்லு. நான் தண்ணி ஊத்தியிருப்பேன்னு நீ நெனச்சியா?"

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சுலக்ஷனாவால் சொல்ல முடியவில்லை.

"நெனச்சேன் அத்த. நேத்து வரும்போது, இதே எடத்துல. கொஞ்ச நேரந்தான். ஆனா நெனச்சேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாக்கண்ணு கம்பளி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நானும் நெனச்சேன்" என்றாள்.

"என்னத்த?"

"வேலை கெடச்ச திமிருல நீதான் மீட்டர விரலால அமுக்குறேன்னு. எனக்குப் பாடம் படிச்சுக் குடுக்கப் பாக்குறேன்னு."

"அத்த!"

"நெனச்சதோட விட்டேனா? வெளிய வேற சொல்லிப்புட்டேன்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

அம்மாக்கண்ணு கீழே லயத்தைப் பார்த்தாள். தகரக் கூரைகளிலிருந்து வரிசையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. "எல்லாருகிட்டயும்" என்றாள்.

சுலக்ஷனாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மாக்கண்ணு முதலில் முறைத்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் வெறும் கேனை நடுவில் வைத்துக்கொண்டு, தேயிலைக்கு மத்தியில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"சரி வா" என்றாள் அம்மாக்கண்ணு, மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. "சொன்ன வாயால திருப்பிச் சொல்லணும்."

"இப்பவா? வேணாம் அத்த, வெக்கமா இருக்கு."

"ஒனக்கு என்ன வெக்கம்? சொல்லப்போறது நான்."

வீட்டுக்குப் போகிற குறுக்குப் பாதையை விட்டுவிட்டு, லயத்தின் தலைமாட்டுக்கு இழுத்துப் போனாள். முதல் காம்பராவின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. அம்மாக்கண்ணு கதவைத் தட்டவில்லை. மலையிலே கொழுந்துக்காரிகளைக் கூப்பிட்ட அதே தொண்டையில் கூப்பிட்டாள்.

"ஏ, வெளிய வாங்க. முந்தாநாத்து எம் மருமகளப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன்ல, அது சுத்தப் பொய். ஒரு சொட்டுகூட உண்ம இல்ல. தன் வேலையே போனாலும் போகட்டும்னு இன்னைக்கு எனக்காக நின்னுச்சு இந்தப் புள்ள. வந்து பாத்துட்டுப் போங்க."

ரொட்டி மாவோடு ஒருத்தி வெளியே வந்தாள். சத்தம் கேட்டு அடுத்த காம்பராவிலும் அதற்கு அடுத்ததிலும் கதவுகள் திறந்தன. சுலக்ஷனா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அத்தை அவள் கையை விடவில்லை, அடுத்த வாசலுக்குப் போனாள்.